மாசி வீதிப் பக்கம் ஒட்டுச்சுவர் வீடு: குடியிருக்கத் தோதுதானா?

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காகத் தெருக்கள் போகின்றன. அந்தத் தெருக்களிலும் அவற்றுக்கு நடுவே ஓடும் சந்துகளிலும் வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். இங்கே வீடு என்றாலே பெரும்பாலும் ஒட்டுச்சுவர் வீடுதான். பத்தடி, பன்னிரண்டடி முகப்பு. உள்ளே ஐம்பது, அறுபது அடி நீளம். இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு சேர்ந்தவை. 12க்கு 50 என்றால் 600 சதுர அடி, ஒன்றரை சென்ட்கூட இல்லை. அதற்குள் திண்ணை, பட்டாசாலை (முன்கூடம்), நடுவில் முற்றம், அடுப்படி, கடைசியில் குளியலறை, மேலே மச்சு என்று ஒரு குடும்பம் தாராளமாகப் புழங்கிவிடும்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இடத்துக்கு முழு மதிப்பெண். ஊருக்குள் இதைவிட வசதியான இடம் கிடையாது. வீட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்பது அந்த இரண்டு பக்கச் சுவர்களைப் பொறுத்தது. வாடகையோ, ஒத்தியோ, கிரயமோ, முகப்பையும் டைல்ஸையும் பார்த்து முடிவெடுத்தவர்கள் அடுத்த ஐப்பசி மழையில் வருத்தப்படுகிறார்கள்.

இடத்தின் அருமை

மேல மாசி வீதியிலிருந்து ரயில் ஜங்ஷனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போகலாம், பத்து நிமிடம். பெரியார் பஸ் ஸ்டாண்டும் அதே தூரம்தான். வெளியூர் பஸ்ஸுக்கு மட்டும் மாட்டுத்தாவணி அல்லது ஆரப்பாளையம் போக வேண்டும். பெரியாரிலிருந்து டவுன் பஸ் வந்துகொண்டே இருக்கும். ராத்திரி நேரம் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் யானைக்கல் வழியாக வைகைமேல் உள்ள ஏ.வி. பாலம் ஏறி கோரிப்பாளையத்தில் இறங்கினால் அரசு ராஜாஜி மருத்துவமனை. 1889இல் கட்டிய அந்தப் பாலம் பகலில்தான் நெரிசல்; ராத்திரியில் ஆட்டோவுக்குச் சில நிமிட வேலை.

மாத மளிகைக்குக் கீழ மாசி வீதி மொத்தக் கடைகள், நகைக்குத் தெற்காவணி மூல வீதி, துணிமணிக்கு விளக்குத்தூண். பிள்ளைகளுக்கு வடக்கு வெளி வீதியில் சேதுபதி மேல்நிலைப் பள்ளி (பாரதியார் 1904இல் தமிழாசிரியராக இருந்த பள்ளி), கிழக்கு வெளி வீதியில் செயின்ட் மேரீஸ். வயசானவர்கள் மருந்துக்கும் காய்க்கும் கோயிலுக்கும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்கள் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள தெருவில் வருகிறார்கள். புறநகர்ப் பிளாட்டில் இருப்பவர்கள் பெட்ரோலுக்குச் செலவழிக்கும் பணமும், அதைவிட நேரமும், இங்கே மிச்சம். ஒட்டுச்சுவர் வீட்டின் கஷ்டங்களை எல்லாம் தாங்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் இங்கே இருப்பது இதற்காகத்தான்.

சுவரைப் படிப்பது எப்படி

பழைய வீடுகளில் பொதுச்சுவர் என்பது ஒரே சுவர். சுண்ணாம்புக் காரையில் செங்கல் அடுக்கி ஒன்றரை அடி கனத்துக்குக் கட்டியிருப்பார்கள். இரண்டு வீட்டு உத்திரங்களும் அந்த ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். இடித்துப் புதிதாகக் கட்டியவற்றில் ஆளுக்கொரு தனிச்சுவர், நடுவில் இரண்டு மூன்று அங்குலம் சந்து. இரண்டுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

ஒரே சுவராக இருந்தால் முதல் எதிரி ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கறையின் வடிவமே சொல்லும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை ஒரே மட்டமாக ஏறியிருந்தால் மண்ணிலிருந்து உறிஞ்சுகிற ஓதம். நடுச்சுவரில் வட்டமாகத் திட்டு இருந்தால் அந்தப் பக்கத்து வீட்டுக் குழாயோ குளியலறையோ கசிகிறது. மேலிருந்து கோடு கோடாக வழிந்திருந்தால் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை விட்டுவிட்டது.

கையை வையுங்கள். ஓதமுள்ள இடம் நடு மத்தியானத்திலும் சில்லென்றிருக்கும். விரல் மடக்கித் தட்டுங்கள். கெட்டியான பூச்சு 'டக்' என்று சொல்லும். செங்கல்லை விட்டு விலகிய பூச்சு 'டொப்' என்று பொள்ளலாகச் சத்தம் போடும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது தெரியும். குடிவருபவர் பார்க்க வருவதற்காகப் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் சுவரை விட்டுவிட்டுச் சுவிட்ச் பெட்டியைப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துப் பொதுச்சுவரில் உள்ள ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திருகாணி செம்புழுதியாகத் துருப்பிடித்திருந்தால் அந்தச் சுவர் பல வருஷமாக நனைந்துகொண்டிருக்கிறது. பெயின்டால் மறைக்க முடியாத இடம் அது.

பக்கத்து வீட்டுக் குளியலறையில்தான் கசிவா என்று உறுதி செய்ய ஐந்து ரூபாய்ச் சொட்டு நீலம் போதும். "அண்ணே, ஒரு நாளைக்கு மட்டும் உங்க பாத்ரூம்ல தண்ணி நிப்பாட்டிப் பார்த்துக்கிறோம்" என்று பக்குவமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போக்கு ஓட்டையைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டு, நீலத்தைக் கலந்து இருபத்து நான்கு மணி நேரம் விட வேண்டும். இந்தப் பக்கம் நீலம் தெரிந்தால் தரையும் சுவரும் சேரும் மூலையில் ஒட்டு விட்டிருக்கிறது. நீலம் வராமல் ஓதம் மட்டும் தொடர்ந்தால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் குறை சொல்லியே பத்து வருஷம் ஓட்டிய தெருக்கள் உண்டு.

வைத்தியத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். ஓதம் வந்த சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சு பூசி, மேலே வாட்டர் புரூஃப் பட்டி தடவி, போதாததற்கு நாலடிக்கு டைல்ஸும் ஒட்டிவிடுகிறார்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது. மூன்றடியில் நின்ற ஓதம் அடுத்த வருஷம் ஆறடியில் நிற்கும். சரியான முறை இது. முதலில் கசிவை நிறுத்த வேண்டும். ஓதக் கறைக்கு மேலே ஒன்றரை அடி வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டி, உப்பைக் கம்பித் தூரிகையால் உலர்வாகவே தேய்த்துப் பெருக்கி எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். மாசி பிறந்ததும் தொடங்கி ஆறு வாரமாவது காய விட வேண்டும். பிறகு நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணலும் செங்கல் பொடியும் சேர்ந்து மூன்று பங்கு என்று கலந்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் இரண்டு கை பூச வேண்டும். மேலே வெள்ளை அடிப்பதே போதும். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் கோயில் திருப்பணி வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டால் ஆள் கிடைக்கும்.

இரட்டைச் சுவர் வீட்டில் ஓதம் கடத்துவது குறைவு. அங்கே மழைதான் பிரச்சினை. பக்கத்து வீடு உயரம், உங்கள் வீடு தாழ்வு என்றால் அந்தச் சுவரில் வழியும் தண்ணீர் முழுவதும் இரண்டங்குலச் சந்துக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீருக்குப் போக்கு இல்லை. இரண்டு வீட்டுச் சுவரும் ஊறும். சந்தின் மேல்வாயைச் சிமென்ட் கலவையால் அடைப்பது வழக்கம். அது ஒரு கோடை தாங்காது. வெயிலில் இரண்டு கட்டடங்களும் தனித்தனியாக விரிந்து சுருங்குவதால் கலவை நூல் விட்டுவிடும். உயரமான சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, 24 கேஜ் ஜி.ஐ. தகட்டைச் சொருகி, தாழ்ந்த சுவரின் மேல் நாலங்குலம் மடங்கித் தொங்கும்படி விடுங்கள். சொருகிய இடத்தை மட்டும் சீலண்ட் வைத்து அடைத்தால் போதும். தாழ்ந்த பக்கம் ஆணி அடிக்கக் கூடாது, தகடு நகர்ந்துகொடுக்க வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை ஒன்றரையடிச் சுண்ணாம்புச் சுவருக்கு ஈடு இல்லை. பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சே நடந்தாலும் கேட்காது. மூன்று சென்ட் பழைய வீட்டை வாங்கி, நடுவில் நாலரை அங்குலச் சுவர் வைத்து இரண்டு டூப்ளெக்ஸாகப் பிரித்து விற்கிறார்களே, அவற்றில் விடியக்காலை அந்தப் பக்கத்து மிக்ஸி சத்தம் தலைமாட்டில் கேட்கும். அப்படிப் பிரித்த வீட்டைப் பார்க்கப் போகும்போது அடுத்த பகுதியில் ஒருவரை மிக்ஸி ஓட்டச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கப் படுக்கையறையில் நின்று கேளுங்கள்.

பொதுச்சுவரில் காடி வெட்டும்போதும் அளவு உண்டு. ஒன்பதங்குலச் சுவரில் மேலிருந்து கீழாக வெட்டினால் ஆழம் மூன்று அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. படுக்கைவாட்டில் ஒன்றரைக்கு மேல் கூடவே கூடாது. நீங்கள் குழாய் பதிக்கும் இடத்துக்கு நேர் பின்னால் அவரும் பதித்திருந்தால் நடுவில் மிஞ்சுவது ஒரு செங்கல் ஓடுதான். அதனால் வெட்டுவதற்கு முன் அந்த வீட்டில் போய்ப் பார்ப்பது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட.

பக்கத்து வீடு இடிபடும்போது

ஒட்டுச்சுவர் வீட்டுக்கு வரும் ஆபத்துகளில் பெரியது இது. டவுனுக்குள் எந்தச் சந்தில் போனாலும் ஏதோ ஒரு வீடு இடிந்து எழும்பிக்கொண்டிருக்கும். பழைய வீட்டின் கடைக்கால் (அஸ்திவாரம்) மூன்றடி ஆழம் இருந்தால் அதிகம். புதிதாகக் கட்டுகிறவர் பில்லருக்கு ஐந்து, ஆறு அடி தோண்டுவார். உங்கள் சுவரை ஒட்டி நீளத்துக்கும் ஒரே நாளில் பள்ளம் எடுத்தால், உங்கள் கடைக்காலுக்கு அடியிலுள்ள மண் பள்ளத்துக்குள் சரியும். சுவர் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இறங்கினாலே கதவுகள் மாட்டிக்கொள்ளும், தளத்தில் விரிசல் ஓடும்.

நாலைந்து அடி நீளத்துக்கு ஒரு குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு ஓர் இடம் விட்டு அடுத்த குழி எடுப்பதுதான் முறை. சுவருக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழி வேலை கூடாது. இதையெல்லாம் வாய்ப்பேச்சில் விடாமல் இடிக்கத் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாநகராட்சி கொடுத்த அனுமதி வரைபடத்தின் நகலையும் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல் ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். பெரிய விரிசலின் குறுக்கே ஒரு சிறிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது, வேலையை நிறுத்தச் சொல்ல அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பலரும் மறக்கிற இன்னொன்று உண்டு. இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டின் மறைவில் இருந்த உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பூச்சே இருக்காது. வீடு இடிந்ததும் வெறும் செங்கல் வானத்தைப் பார்த்து நிற்கும். அவருடைய புதுச்சுவர் எழும்புவதற்குள் உங்கள் சுவருக்கு வெளிப்பூச்சு பூசியாக வேண்டும். எழும்பிவிட்டால் கையே நுழையாது. அந்தச் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

தண்ணீரும் சாக்கடையும் ஒரே வழியில்

மாநகராட்சித் தண்ணீர் பல தெருக்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அழுத்தம் குறைவு, மாடிக்குத் தானாக ஏறாது. குழாயில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது குற்றம். பிடிபட்டால் மோட்டாரும் போகும், இணைப்பும் போகும். ஆகவே தரைத்தொட்டி அவசியம். நாலடிக்கு நாலடி, ஆழம் நாலடி என்றால் சுமார் 1,800 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு ஒருநாளைக்கு 135 லிட்டர் கணக்கில் நாலு பேருக்கு மூன்று நாள் தாங்கும். அதைவிடச் சிறிய தொட்டியுள்ள வீட்டில் சித்திரை, வைகாசியில் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்க வேண்டும். அதுவும் லாரி நுழையும் தெருவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்பிலுள்ள ஒரு சிக்கலைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாதாளச் சாக்கடை தெருவில், வாசல் பக்கம். கக்கூஸும் குளியலறையும் வீட்டின் கடைசியில். பக்கவாட்டில் இடம் கிடையாது. ஆக, கழிவுக் குழாய் அடுப்படி, முற்றம், பட்டாசாலை என்று வீடு முழுவதற்கும் அடியில் ஓடித்தான் தெருவைச் சேரும். நாலங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி வாட்டம் (சரிவு) வேண்டும். அறுபதடி வீட்டில் பின்னால் ஓரடி ஆழத்தில் தொடங்குகிற குழாய், வாசலுக்கு வரும்போது இரண்டரை அடிக்கு இறங்கியிருக்க வேண்டும். தெருச் சேம்பர் (சாக்கடைத் தொட்டி) அதைவிட மேட்டில் இருந்தால் வாட்டம் பற்றாது; மாதம் ஒருமுறை அடைக்கும்.

தரைத்தொட்டியும் அதே பட்டாசாலைக்கு அடியில்தான் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது, பக்கத்தில் ஓடும் கழிவுக் குழாய் கசிந்தால் மண் வழியே அது தொட்டிச் சுவரின் விரிசலைத் தேடி வரும். குழாய் ஒரு பக்கச் சுவரோரம், தொட்டி எதிர்ப் பக்கம் என்று இருக்கிற வீடே நல்லது. தொட்டியில் பிடித்த தண்ணீர் இரண்டாம் நாள் லேசாக வாடை அடித்தால் குளோரின் போட்டுச் சமாளிக்காதீர்கள். தொட்டியைக் காலி செய்து உட்புறம் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் ஆய்வுத் தொட்டிகளுக்கு ரப்பர் வளையம் வைத்த இரட்டை மூடி வேண்டும். அது இல்லாத வீட்டில் கரப்பானும் வாடையும் போகவே போகாது.

வாசலில் நின்று பாருங்கள்: வீட்டுக்குள் ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் தெரு உயர்ந்து, பல வீடுகள் பள்ளமாகிவிட்டன. இறங்கிப் போகிற வீட்டில் கனமழைக்குச் சாக்கடைத் தண்ணீர் குளியலறை வழியாகத் திரும்பி வரும். வாசல் சேம்பருக்கு முன் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருந்தால் ஓரளவு தப்பலாம். கிருதுமால் வாய்க்காலை ஒட்டிய தென்மேற்குப் பகுதித் தெருக்களில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மாடித் தொட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நிறைந்தால் ஒரு டன். கட்டை வைத்துச் செங்கல் நிறுத்திப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்தின் நடுவில் அதை வைக்கவே கூடாது. சுவருக்குச் சுவர் இரும்பு பீம் போட்டு அதன்மேல் ஏற்றுங்கள்.

வெயில், காற்று, வெளிச்சம்

இரண்டு பக்கமும் அடைபட்ட வீடு என்றால் அனலாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கீழ்த்தளத்தில் நிலைமை நேர்மாறு. பக்கச் சுவர்களில் வெயிலே படாததால் அக்னி நட்சத்திரத்திலும் பட்டாசாலை குளுகுளுவென்றிருக்கும். சூடு வருவது தளத்தின் வழியாகவும் முகப்பின் வழியாகவும்தான். கீழ மாசி, மேல மாசி வீதிகள் வடக்கு தெற்காக ஓடுவதால் அங்குள்ள வீடுகள் கிழக்கு அல்லது மேற்குப் பார்த்தவை. மேற்குப் பார்த்த முகப்பில் மாடி அறை ராத்திரி பத்து மணி வரை தகிக்கும். வடக்கு மாசி, தெற்கு மாசியில் வாசல் வடக்கோ தெற்கோ பார்க்கும். கோடைக்கு அது மேல். பழைய சுண்ணாம்புத் தளம் நாலங்குலக் கான்கிரீட்டைவிட நன்றாகச் சூட்டைத் தாங்கும். அதன்மேல் பதித்த தட்டோடு பெயர்ந்திருந்தால் மாற்றிக்கொண்டு, தளத்தைக் காப்பாற்றி வையுங்கள்.

முற்றம்தான் இந்த வீட்டின் மூக்கு. மழைக்குப் பயந்து அதை ஃபைபர் ஷீட் போட்டு முழுக்க மூடிவிட்ட வீட்டை எடுக்காதீர்கள். நடு அறைகளில் பகலிலும் லைட் எரியும், சூடு இறங்காது. மூடத்தான் வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒன்றரை அடி தூக்கி, நான்கு பக்கமும் கொசுவலை அடித்துக் காற்றுக்கு வழி விட வேண்டும். ஏசி வெளி யூனிட்டை முற்றத்தில் தொங்கவிடாதீர்கள், அது கக்கும் அனல் முழுவதும் வீட்டுக்குள்தான் சுற்றும். மாடியில் வையுங்கள், செம்புக் குழாய்க்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் சரி. அடுப்படி நடுவில் இருப்பதால் கேஸ் விஷயத்தில் அலட்சியம் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரைமட்டத்தில் முற்றத்தைப் பார்த்து ஒரு துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் சிலிண்டர் வைப்பது வேண்டவே வேண்டாம்.

மொட்டை மாடிகள் ஒன்றோடொன்று சேர்ந்தே போகும். வடகம் காயவைக்கவும் ராத்திரி காற்று வாங்கவும் அக்கம்பக்கத்தோடு பேசவும் அருமையான இடம். திருடனுக்கும் அதுவே பாதை. முற்றத்துக்கு 12 எம்எம் கம்பியில் நாலங்குல இடைவெளிக்குக் கிரில், மாடிக் கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் இரண்டும் இல்லாமல் வெளியூர் போகாதீர்கள். பக்கத்து மாடிக்கு மேல் திறக்கிற ஜன்னல் இருந்தால் அதை நம்பி வீடு வாங்க வேண்டாம். 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கு உரிமை உண்டுதான். ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிப்பதற்குள் அவர் சுவர் எழுப்பிவிடுவார்.

வண்டி, சாமான், திருவிழா

கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி ஒத்துவராது. வடக்காவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. தினமும் அங்கே விட்டு நடக்கத் தயார் என்றால் சரி. சித்திரை வீதிகளில் வண்டியே விடமாட்டார்கள். பைக் இரண்டு என்றால் ராத்திரி பட்டாசாலையில்தான் ஏற்ற வேண்டும். ஆறடிச் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. முதியவர்கள் உள்ள குடும்பம், பிரதான தெருவிலிருந்து வீட்டுக்கு எத்தனை தப்படி என்று நடந்து எண்ணிப் பார்க்கட்டும்.

மாடிப்படி இரண்டேகால் அடி அகலம், ஒவ்வொரு படியும் ஒன்பதங்குல உயரம். கட்டிலும் பீரோவும் திரும்பாது. கழற்றி மாட்டும் வகைதான் வாங்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் தேர் சுற்றுவது நான்கு மாசி வீதிகளில். வாசலில் நின்று தேர் பார்க்கும் பாக்கியம் பெரியது. அந்த நாட்களில் வண்டி எடுக்க முடியாது என்பதும், தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் அப்படியே என்பதும் தெரிந்தே வர வேண்டும்.

பத்திரமும் ஒத்தியும்

கிரயத்துக்கு வாங்குகிறவர்கள் மூலப்பத்திரத்தில் நான்குமால் (நான்கு பக்க எல்லை) எழுதியுள்ள இடத்தை வரிவரியாகப் படியுங்கள். பொதுச்சுவர், தனிச்சுவர், பொது நடை, பொதுக் கிணறு என்று எது எழுதியிருக்கிறதோ அதுதான் நாளைக்குப் பேசும். ஒருகாலத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு என்றால், பின் வீட்டுக்காரர் உங்கள் பட்டாசாலை வழியாக நடக்க உரிமை உள்ளவராக இருக்கலாம். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. 9 மீட்டர் என்பது இருபத்தொன்பதரை அடி. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் நெருக்கிப் பிடித்து அடங்கும். அதற்கு மேல் ஒரு மாடி கட்டி விற்கிறார் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விலகிவிடுங்கள்.

டவுனுக்குள் வாடகையைவிட ஒத்திக்கு வருகிற வீடுகள் நிறைய. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, இரண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, போகும்போது அதே தொகையை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், எழுத்து சரியாக இருந்தால். ஒத்தி என்பது அடமானம். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானம் பதிவான பத்திரமாக இருந்தால்தான் செல்லும் என்று 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தத் தாளை நம்பாதீர்கள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். அசல் பேங்க்கில் இருக்கிறது என்றால் பேங்க்கின் உரிமைதான் முந்தி. வீட்டுக்காரர் காலமாகிவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர்கள் எல்லா வாரிசுகளும். அவர்களுக்குள் தகராறு என்றால் உங்கள் பணம் நடுவில் நிற்கும். ஒத்தி முடிந்ததும் கையில் பணம் இல்லாமல் அடுத்த ஒத்திக்காரர் வரட்டும் என்று இழுப்பதும் வழக்கம். பணம் கைக்கு வருகிற வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு வீடு பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு மழை விட்ட மறுநாள் காலையில் இன்னொரு தடவை போங்கள். பட்டாசாலையில் நின்று இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, இந்த வீட்டுக்குக் குடிவரலாம்னு இருக்கோம், உங்க பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள்.